மகிழ்ச்சி மன்றம் கடல் தேர்ந்த கதை

என் தம்பி க்ளென் கடலில் மூழ்கி இறந்ததற்கு அடுத்த பிப்ரவரியில், ஸ்கூபா டைவிங் விடுமுறைக்கு ஏற்ற வெப்பமண்டல ஊர் எது என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு வரும்படி எனக்கு ஓர் அழைப்பு வந்தது. அனுப்பியது அவன் வேலை பார்த்த கம்பெனி. பெங்களூர் தொம்மலூரில் இருக்கிறது. பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதிலும் ஓரத்தில் ஒரு சிரித்த முகம் போட்டிருப்பார்கள்.

நான் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள். குளியலறை வாளியைவிட ஆழமான தண்ணீரோடு எனக்குப் பழக்கமில்லை. தவறி வந்த அழைப்பு என்று நினைத்து, அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். லாவண்யா என்ற பெண் எடுத்தாள். மனிதவளப் பிரிவு. குரலில் இன்னும் ஈரோடு இருந்தது. அவள் சுற்றி வளைத்துச் சொன்னதில் புரிந்தது இவ்வளவுதான்: க்ளென் தன் பிராவிடன்ட் ஃபண்டுக்கு என்னை நாமினியாகப் போட்டிருந்தான். இறந்தவருக்கு உரியதெல்லாம் நாமினிக்குப் போகட்டும் என்று யாரோ கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பாரபட்சம் பார்க்கவில்லை. அவனுடைய ஃபண்டையும் காபிக் கோப்பையையும் அனுப்பிய கையோடு, கம்பெனியின் மகிழ்ச்சி மன்றத்தில் அவன் வகித்த உறுப்பினர் பதவியையும் எனக்கு அனுப்பிவிட்டது.

"அப்ப இது தப்பா வந்ததுதானேம்மா?" என்று கேட்டேன்.

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "யெஸ் மேம்," என்றாள். "அண்ட், உங்கள வரவேற்கிறதுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

அவள் ஏன் அப்படிப் பேசினாள் என்பது முதல் கூட்டத்தில் விளங்கியது. மகிழ்ச்சி மன்றத்துக்கு ஒரே ஒரு சட்டம். யாரும் எதையும் மறுக்கக் கூடாது. யார் என்ன சொன்னாலும் 'யெஸ், அண்ட்' என்று தொடங்கி, அதன்மேல் தன் பங்கைச் சேர்க்க வேண்டும். நோ, இல்லை, வேண்டாம், கன்னடத்து பேடா, இந்தி நஹி எல்லாமே தடை செய்யப்பட்ட சொற்கள். மறந்துபோய் ஒன்றைச் சொல்லிவிட்டால் எழுந்து நின்று அதையே மகிழ்ச்சியாக மாற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் சீனிவாசராகவன். பதவி, தலைமை மகிழ்ச்சி அலுவலர். எல்லோருக்கும் ராகவன் சார். முன்பு கொள்முதல் பிரிவில் இருந்தாராம். யார் எதைக் கேட்டாலும் கிடையாது என்று சொல்வதில் பெயர் பெற்றவராம். சிங்கப்பூரில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு மகிழ்ச்சியாகத் திரும்பி வந்திருக்கிறார்.

நான் ஏன் போனேன் என்று பள்ளியில் கேட்டார்கள். காரணம் ஒரே ஒரு வாக்கியம். முந்தைய மே மாதம் மன்றம் தன் ஆட்களை மேற்குக் கரையிலிருந்து ஒரு சிறு தீவுக்கு அழைத்துப் போனது. தீவின் பெயரை எழுத மாட்டேன். தீவு ஒரு தப்பும் செய்யவில்லை. அங்கேதான் க்ளென் இறந்தான். அதைப் பற்றிக் கம்பெனி கொடுத்த அறிக்கையில், உள்ளூர்ப் பயிற்சியாளர் கடல் மிகவும் நன்றாக இருக்கும் என்று கூறியதாகவும், க்ளென் தன் தனிப்பட்ட அளவுகடந்த உற்சாகத்தால் உயிரிழந்ததாகவும் எழுதியிருந்தது. கடற்கரை ஊர்ப் போலீஸ் அதைப் படித்துவிட்டு விபத்து என்று முடித்துவிட்டது. எங்கள் சர்ச்சிலேயே, பையன் கொஞ்சம் துறுதுறுவென்று இருந்திருப்பான் போல என்று பேசிக்கொண்டார்கள்.

க்ளென் லிஃப்ட் கிறீச்சென்றால் இறங்கிப் படியில் போகிறவன். ஒருவழிப் பாதையிலும் இரண்டு பக்கமும் பார்த்துக் கடப்பான். பெங்களூரில் அது பயம் அல்ல, அறிவு. அவனுக்கு உற்சாகம் உண்டு, அது கேக் வெட்டும் வரைக்கும்தான். அந்த வாக்கியம் பொய் என்று எனக்குத் தெரியும். எப்படிப் பொய் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் போனேன்.

கூட்டம் நடந்த அறைக்கு லகூன் என்று பெயர். தரை நீலம். உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு முகமூடி கொடுத்தார்கள், முக்குளிப்பவர்கள் போடுவது. கடல் மனநிலை வர வேண்டுமாம். அது மூக்கையும் சேர்த்து மூடும். ஆகவே மகிழ்ச்சி மன்றம் முழுவதும் கடும் ஜலதோஷம் பிடித்ததுபோல் பேசியது.

முதல் நிகழ்ச்சி, க்ளெனுக்கு அஞ்சலி. மௌனம் எதிர்மறையானது என்பதால் ஒரு நிமிடம் கைதட்டினார்கள். ராகவன் சார் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசினார்.

"க்ளென் நம்மள விட்டுப் போகல. லொகேஷன் மாத்தியிருக்காரு, அவ்வளவுதான். எங்க இருந்தாலும் அவர் ஒரு டீம் பிளேயர்."

இன்னொரு முறை கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிறகு தருண் என்ற பையன் படம் போட்டுக் காட்டினான். படம் காட்டுவது மட்டுமே அவன் வேலை என்று பிறகு தெரிந்தது. முதலில் அந்தமான். யெஸ், அண்ட் லட்சத்தீவு என்றாள் ஒருத்தி. யெஸ், அண்ட் மாலத்தீவு என்றார் அடுத்தவர். யெஸ், அண்ட் பாலி. ஒன்றைத் தள்ளினால்தான் இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க முடியும் என்ற பழைய வழக்கம் அங்கே இல்லாததால், கூட்டம் முடியும்போது எல்லா ஊர்களும் ஏகமனதாகத் தேர்வாகியிருந்தன.

அடுத்த கூட்டத்தில் பொம்மசந்திராக் கிளைக்காரர் ஒருவர் எழுந்தார். அவர் பக்கத்து ஆட்களில் பாதிப்பேருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. 'கிடையாது' என்ற சொல்லை எப்படி மகிழ்ச்சியாகச் சொல்வது என்று வியர்த்துப்போய், யெஸ், அண்ட் எங்க ஆளுங்க பாஸ்போர்ட்டிலிருந்து விடுதலை பெற்றவர்கள் என்றார். பலத்த கைதட்டல். ராகவன் சார் சுவரிலிருந்த உலகப் படத்தை உற்றுப் பார்த்து, பெங்களூரும் வெப்பமண்டலத்தில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். பொம்மசந்திராக் கிளைக்குப் பின்னால் ஓர் ஏரி உண்டு. மழை வந்தால் சாலை வரைக்கும் நுரை தள்ளும். அதைப் பார்வையிட ஒரு துணைக் குழு போனது. மறுவாரம் முழங்கை வரைக்கும் தடிப்பும் களிம்புமாகத் திரும்பி வந்து, ஏரி எங்களோடு மிக நெருக்கமாகப் பழகியது என்று அறிக்கை வாசித்தது. ஏரியும் தேர்வானது.

அன்று மாலை ஆஞ்சலா என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்தாள். க்ளெனுக்குப் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தவள். அன்றைக்குப் படகில் இருந்தவள். ஈமச்சடங்குக்கு வந்து, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் அழுதுவிட்டுப் போனது அவள்தான். இப்போதும் பஸ் வந்து போனது, அடுத்ததும் போனது, பிறகுதான் வாயைத் திறந்தாள்.

நடந்தது இது. அந்த ஊரில் ஏற்பாடு செய்திருந்த பயிற்சியாளர் கில்பர்ட், காலையில் கடலைப் பார்த்ததும் பேடா என்றிருக்கிறார். மழைக்காலம் தொடங்கப் போகிறது, அடியில் நீரோட்டம் இழுக்கும், இன்று ஒருவரும் இறங்கக் கூடாது. ராகவன் சார் அவர் தோளில் கை போட்டு, எங்கள் பண்பாட்டில் பேடா கிடையாது, இதையே கொஞ்சம் பாசிட்டிவாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். கில்பர்ட் பாவம், மரியாதை தெரிந்த மனிதர். யோசித்துப் பார்த்து, அக்டோபரில் வாருங்கள், மிகவும் நன்றாக இருக்கும் என்றிருக்கிறார்.

"அதுல அக்டோபர விட்டுட்டாங்கக்கா," என்றாள் ஆஞ்சலா. "ரொம்ப நல்லா இருக்கும்னு எழுதிக்கிட்டாங்க. எல்லாரும் கைதட்டுனோம்."

கில்பர்ட் வர மறுத்துவிட்டார். வேறொரு படகைப் பிடித்தார்கள். ராகவன் சார் எப்போதோ ஒரு ஓட்டல் நீச்சல் குளத்தில் வாங்கிய சான்றிதழ் வைத்திருந்தார்; அதை வைத்து அவரே தலைமை. ஆனால் தண்ணீரில் இறங்கவில்லை. மகிழ்ச்சியை மேலே இருந்துதான் கண்காணிக்க முடியுமாம்.

"க்ளென்?"

"அவன் மாட்டேன்னான்க்கா. எனக்குத் தண்ணி பயம் சார், நான் படகுலயே இருக்கேன்னான். எந்திரிச்சு நின்னு பாசிட்டிவா சொல்லுன்னாரு சார். படகு ஆடுது, அவனால நிக்கவே முடியல. ரெண்டு மூணு தடவ சொல்லிப் பார்த்தான், எதையும் அவர் ஒத்துக்கல. கடைசியில யெஸ், அண்ட் நான் எல்லாருக்கும் பின்னாடி இறங்குறேன்னு சொன்னான்."

இதை விசாரணையில் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னாளாம். லாவண்யா அதை மகிழ்ச்சியாக மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கினாளாம். க்ளென் மாட்டேன் என்றான் என்பது, தன் முறை வருவதற்காக க்ளென் ஆவலோடு காத்திருந்தார் என்று ஆகியிருக்கிறது.

"எனக்கு வேலையும் வேணும்க்கா," என்று சொல்லிவிட்டு, மூன்றாவது பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

நான் வீடு வரைக்கும் நடந்தே போனேன். கோபத்தில் நடந்ததாக எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அன்று எனக்கு நல்ல பசி. வீட்டில் முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்பது சாப்பிட்டு முடிப்பதற்குள் தெளிவாகிவிட்டது. அவர்கள் சட்டம் எனக்குப் பிடித்துப்போனது அன்றுதான்.

மார்ச் கடைசியில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: ஒரே ஓர் ஊரைச் சொல்லுங்கள். மன்றம் கலங்கிப்போனது. ஒன்றையும் நீக்கத் தெரியாதவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டால் என்ன செய்வார்கள்? லகூன் அறையில் முகமூடிக்குள் மூச்சுமுட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவரைக்கும் வாயைத் திறக்காத நான் எழுந்தேன்.

"யெஸ்," என்றேன். "அண்ட், நம்ம மன்றமே மிகவும் நன்றாக இருக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட கடல் ஒண்ணு இருக்கு. போன வருஷம் போன தீவு. அங்கேயே போலாம்."

ராகவன் சார் முகமூடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார். வாய் திறந்து மூடியது. அவர் சட்டத்தில் அந்த வாய்க்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"யெஸ்," என்றார்.

அதற்குமேல் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. யெஸ், அண்ட் க்ளென் நினைவாகவே போகலாம் என்றாள் லாவண்யா. யெஸ், அண்ட் போன வருஷம் மாதிரியே மே கடைசி வாரம் வைத்தால் நினைவுநாளும் சேர்ந்து வரும் என்றான் தருண். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பையன் படங்களை மட்டுமே பார்ப்பவன். ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே வந்து ஆஞ்சலாவின் முறை வந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"யெஸ், அண்ட் ராகவன் சார்தான் முதல்ல இறங்கணும்."

மகிழ்ச்சி மன்றத்தின் வரலாற்றில் அவ்வளவு நீண்ட கைதட்டல் இருந்ததில்லை என்று லாவண்யா பிறகு சொன்னாள்.

அடுத்த வாரம் பனியன் அச்சாகிவிட்டது. முன்னால் க்ளென் முகம். பின்னால், ராகவன் சாருடன் ஆழத்துக்கு.

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராகவன் சார் காக்ஸ் டவுனில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பூச்செடி. உட்காரச் சொல்லி, மீதமிருந்த கேக்கையும் காபியையும் கொடுத்தேன். மனிதர் படாதபாடு பட்டார். மறுக்கும் பழக்கம் விட்டுப்போன வாயால் மறுக்க வேண்டியிருந்தது.

"அந்த மாசம் கடல் வந்து மேடம்... ரொம்ப உயிர்த்துடிப்போட இருக்கும்."

"கேக்கவே நல்லா இருக்கே சார்."

"எனக்குக் காதுல ஒரு பாசிட்டிவான பிரச்சினை இருக்கு. டாக்டர், தண்ணிக்கு வெளியதான் உங்க காது சந்தோஷமா இருக்கும்ங்கறார். எங்க சீதாலட்சுமியும்..." நிறுத்தினார். "ஆத்துல அவளுக்கு வேற விதமான உற்சாகம்."

மனைவி, தண்ணீரில் கால் வைத்தால் வீட்டுப்படி ஏறாதே என்று சொல்லியிருப்பதாக எனக்கு ஆஞ்சலா மூலம் ஏற்கெனவே செய்தி வந்திருந்தது. அந்த அம்மாள் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை.

"அறிக்கையில மிகவும் நன்றாக இருக்கும்னு போட்டிருக்கு சார்," என்றேன். "நீங்க எழுதினதுதானே? தப்புன்னா சொல்லுங்க, மாத்திடலாம்."

 அவர் கேக்கிலிருந்து ஒரு திராட்சையைத் தோண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு எழுந்து, காபி அருமை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படியில் நின்று பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முறையை விளக்கியபோது எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. கேட்டைச் சாத்தினேன், அதுவும் போய்விட்டது.

அறிவிப்பு விழா கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. எல்லா ஊழியர்களும் க்ளெனை மார்பில் அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். ராகவன் சாரை முக்குளிக்கும் ரப்பர் உடையில் மேடை ஏற்றியிருந்தார்கள். ஏப்ரல் வெயில், அந்தக் கூடத்தில் ஏசி சரியாக வேலை செய்யாது. உள்ளே அவர் வெந்துகொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. குத்துவிளக்கு ஏற்றும்போது ரப்பர் கையுறையைக் கழற்ற முடியாமல் அவர் திணற, மெழுகுவர்த்தியை லாவண்யா அவருக்காகப் பிடித்துக்கொண்டாள்.

மன்ற உறுப்பினர் என்ற முறையில், மைக்கில் அவரிடம் உறுதிமொழி வாங்கும் கௌரவத்தை எனக்குக் கொடுத்தார்கள்.

"அதே தீவு," என்றேன். "யெஸ்," என்றார்.

"அதே மே கடைசி வாரம்." "யெஸ்."

"எல்லாருக்கும் முன்னாடி நீங்க இறங்கறீங்க. நீங்க மேல வந்தாத்தான் மத்தவங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பனியனிலிருந்தும் க்ளென் அவரைப் பார்த்தான். ரப்பர் உடைக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது.

"இல்ல," என்றார் ராகவன் சார்.

 லாவண்யா பழக்கதோஷத்தில் அவரருகே போய், மகிழ்ச்சியாக மாற்றிச் சொல்லுங்கள் சார் என்று சைகை காட்டினாள்.

"மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. என்னால முடியாது. மே மாசம் அங்க யாரும் இறங்கக் கூடாது, செத்துருவாங்க. அந்த கில்பர்ட்டே தெளிவா பேடா பேடான்னு சொன்னான்."

"எப்ப சொன்னாரு சார்?" என்று கேட்டேன்.

"போன வருஷம்," என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குக் காதில் விழுந்தது.

ஆஞ்சலா எழுந்து நின்றாள். க்ளெனும் மாட்டேன்னுதான் சொன்னான் என்றாள். குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. அவளுக்குப் பின்னால் இன்னொருவர், படகில் இருந்தவர், ஆமாம், நானும் கேட்டேன் என்றார். அதற்குப் பிறகு அடைத்த குழாய் திறந்ததுபோல் ஆகிவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. எனக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை. பொம்மசந்திராக்காரர் முழங்கையைத் தூக்கிக் காட்டி, ஏரியில் கை விட்டது இன்னும் அரிக்கிறது என்றார். வருடக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்த மறுப்புகளையெல்லாம் ஒரே மத்தியானத்தில் கொட்டினார்கள். தருண் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வேலையை அவன் ஒழுங்காகச் செய்தான்.

ராகவன் சார் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். நடக்கும்போது வியர்வை ரப்பருக்குள் சத்தம் போட்டது.

"நான்தான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே மேடம். இதோட விட்டுருங்க. உங்களுக்கும் ஒரு ஹீலிங் ஆயிருக்கும்."

"இங்க சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு சார்," என்றேன். "அப்படியே போலீஸ் ஸ்டேஷன்லயும் ஒருதடவ சொல்லிட்டீங்கன்னா ஹீலிங் முழுசாயிடும்."

தருண் எடுத்த படத்தையும், ஆஞ்சலாவும் இன்னும் சிலரும் மாற்றாமல் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்த்தேன். கடற்கரை ஊர் இன்ஸ்பெக்டர் புதிதாக வந்தவர். முந்தையவர் முடித்துவைத்ததைத் திறந்து பார்ப்பதில் அவருக்கு ஆர்வம் இருந்தது. மகிழ்ச்சி மன்றத்தார் அனைவரும் நேரில் வர வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பினார். அவர் குறித்த தேதி மே கடைசி வாரம். நான் கேட்டு வாங்கியதல்ல. கேட்டிருந்தாலும் அவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

ஆக, அந்த ஆண்டு மகிழ்ச்சி மன்றம் தேர்ந்தெடுத்த ஊருக்கே போனது. ஒரே பஸ். பாட்டு இல்லை, முகமூடி இல்லை. நான் முன் இருக்கையில் உட்கார்ந்து, சக்லேஷ்பூர் மலைப்பாதையை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன். பின்னால் யாரோ வாந்தி எடுத்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷன் கடற்கரையை ஒட்டி இருந்தது. கடல் கறுத்து, படகுத் துறைச் சுவரைத் தாண்டி அடித்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் கேட்டார், எழுத்தர் எழுதினார். அறிக்கையிலிருந்த அந்த வாக்கியத்தை வாசித்துக் காட்டிவிட்டு, இதில் வரும் உற்சாகம் யாருடையது என்று கேட்டார். ராகவன் சார் ஜன்னல் பக்கம் பார்த்தார். பார்க்கக் கூடாத பக்கம். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் பையன் இறங்க விரும்பினானா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"விரும்பல சார்," என்றார் ராகவன் சார். "பயந்தான். நான்தான் இறங்க வச்சேன்."

எழுத்தர் எழுதி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு, அலைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொருமுறை சொல்லச் சொல்லுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். ராகவன் சார் எழுந்து நின்று, உரக்க, மறுபடியும் சொன்னார்.

முதல் முறையே எனக்கு நன்றாகக் கேட்டிருந்தது.